நிரலுக்கு முன்னே வரைபடம்

நுழையும்முன்

கணினிக்குக் கட்டளையிட மொழிகள் பல உள்ளன. ஆயினும், எதனைக் கட்டளையிடப் போகிறோம் என்பதை மனிதர்கள் தமக்குள் பேசித் தெளிவதற்கும் ஒரு மொழி வேண்டும். கட்டம், கோடு, அம்பு, எண் ஆகியவற்றால் அமைந்த அம்மொழியையும், அது தோன்றிய வரலாற்றையும், அதனைக் கற்கும் முறையையும் நமக்கு அறிமுகமான இரண்டு ஊர்களின் தொழில்களைக் கொண்டு விளக்குகிறது இப்பாடம்.

இரண்டு ஊர்கள், இரண்டு தொழில்கள்

விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், சுமார் 12 கி.மீ. இடைவெளியில் அமைந்தவை திருவில்லிபுத்தூரும் இராஜபாளையமும். பதினொரு நிலைகளுடன் 192 அடி உயர்ந்து நிற்கும் கோபுரத்துக்கும், பால்கோவாவுக்கும் பெயர்பெற்றது திருவில்லிபுத்தூர். அவ்வூர்ப் பால்கோவா 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. இராஜபாளையம் பஞ்சாலை நகரம். 1936இல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா தொடங்கிய இராஜபாளையம் மில்ஸ் அந்நகரின் தொழில் வளர்ச்சிக்கு வித்திட்டது. அதனை அடுத்துள்ள சத்திரப்பட்டியில் காயங்களுக்குக் கட்டுப்போட உதவும் மருத்துவத் துணி விசைத்தறிகளில் நெய்யப்படுகிறது.

இனிப்பும் மருத்துவத் துணியும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவையாகத் தோன்றலாம். ஆனால், இரண்டுக்கும் பின்னால் நிற்பது கணக்கு. பால்கோவாவுக்குப் பின்னால் பல வீடுகளில் கறந்த பால் இருக்கிறது. எவர் எவ்வளவு ஊற்றினார், அதன் தரம் என்ன, அவருக்குச் சேரவேண்டிய தொகை எவ்வளவு என்பவை பிழையின்றிப் பதிவாக வேண்டும். மருத்துவத் துணியின் ஒவ்வொரு பொதியும் எந்தெந்தப் படிநிலைகளைக் கடந்து வந்தது என்பதும் பதிவாக வேண்டும். முன்னதில் பிழை நேர்ந்தால் ஒருவரது உழைப்பின் ஊதியம் குறையும்; பின்னதில் பிழை நேர்ந்தால் ஒருவரது காயம் சீழ்பிடிக்கும். இத்தகைய கணக்குகள் இன்று கணினிக்குள் சென்றுகொண்டிருக்கின்றன. எனவே, நிரல் எழுதும் முன்பே அதன் அமைப்பைக் கண்முன் விரித்து வைத்துச் சரிபார்ப்பது கடமையாகிறது.

பொருள்நோக்குச் சிந்தனை

தொடக்ககால நிரல்கள் 'முதலில் இதைச் செய், பின்னர் அதைச் செய்' என்னும் கட்டளை வரிசைகளாக இருந்தன. 1960களில் நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரில் ஓலே-யோகான் தால், கிறிஸ்டன் நைகார்ட் ஆகிய இருவரும் வேறொரு வழியைக் கண்டனர். உலகில் உள்ள பொருள்களைப் போலவே நிரலுக்குள்ளும் பொருள்களை அமைத்து, அவற்றை ஒன்றோடொன்று உறவாடச் செய்தனர். அவர்கள் உருவாக்கிய சிமுலா 67 என்னும் மொழியே பொருள்நோக்கு நிரலாக்கத்தின் முன்னோடி. இப்பணிக்காக 2001ஆம் ஆண்டுக்குரிய டூரிங் விருது இருவருக்கும் வழங்கப்பட்டது.

இம்முறையில் ஒரே தன்மையுடைய பொருள்களுக்குரிய பொது வரையறையை இனக்குழு என்பர். 'உறுப்பினர்' என்பது இனக்குழு. பால் சங்கத்தில் சேர்ந்துள்ள ஒவ்வொருவரும் அந்த இனக்குழுவுக்குரிய ஒரு பொருள். ஒவ்வொரு பொருளுக்கும் பெயர், எண் முதலிய பண்புகளும் அது செய்யக்கூடிய செயற்பாடுகளும் உண்டு. பண்புகளையும் செயற்பாடுகளையும் ஒன்றாகக் கட்டிக் காப்பதை உறைபொதியாக்கம் என்றும், பொது இனக்குழுவின் இயல்புகளைச் சிறப்பு இனக்குழு பெறுவதை மரபுரிமம் என்றும் கூறுவர்.

மரபுரிமம் என்னும் கருத்து தமிழ் மாணவர்க்குப் புதியதன்று. உயர்திணையின்கீழ் ஆண்பால், பெண்பால், பலர்பால் ஆகியவற்றையும், அஃறிணையின்கீழ் ஒன்றன்பால், பலவின்பால் ஆகியவற்றையும் அடக்கிக் காட்டுகிறது நம் இலக்கணம். பொதுமையைத் திணையிலும் வேறுபாட்டைப் பாலிலும் வைக்கும் இந்த வகைப்பாட்டு அறிவே இனக்குழுக்களை அமைப்பதற்கும் அடிப்படை.

மூவர் சேர்ந்து அமைத்த மொழி

பொருள்நோக்கு நிரலாக்கம் பரவியபோது, வடிவமைப்பை வரைந்து காட்டும் முறைகளும் பெருகின. கிரேடி பூச் தம் முறையில் இனக்குழுவை மேக வடிவில் வரைந்தார். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் ரம்பா செவ்வகக் கட்டமாக வரைந்தார். சுவீடனில் எரிக்சன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய இவார் ஜேக்கப்சன், ஒரு மென்பொருளை எவர் எதற்காகப் பயன்படுத்துகிறார் என்பதிலிருந்து தொடங்கினார். ஒருவர் வரைந்ததை மற்றொரு முறையில் பயின்றவர் படிக்க இயலவில்லை. முறைகளுக்கிடையே நிகழ்ந்த இப்போட்டியை 'முறைகளின் போர்' என்றே அக்காலத்தோர் அழைத்தனர்.

1994இல் ரம்பா, பூச் பணியாற்றிய ரேஷனல் நிறுவனத்தில் சேர்ந்தார். 1995இல் ஜேக்கப்சனும் அங்கு வந்து சேர்ந்தார். மூவரும் தத்தம் முறைகளின் சிறந்த கூறுகளை இணைத்து ஒரு பொதுக் குறியீட்டு மொழியை அமைத்தனர். பூச்சின் மேகம் கைவிடப்பட்டது. ரம்பாவின் கட்டம் நிலைபெற்றது. ஜேக்கப்சனின் பயன்பாட்டு நிகழ்வு இடம்பெற்றது. அதுவே 'ஒருங்கிணைந்த மாதிரியமைப்பு மொழி', சுருக்கமாக யு.எம்.எல். பல நிறுவனங்கள் இணைந்த பொருள் மேலாண்மைக் குழு 1997 நவம்பரில் அதனைப் பொதுத் தரமாக ஏற்றது. 2005இல் அதன் இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. பின்னர்ப் பன்னாட்டுத் தர நிறுவனமும் அதற்கு ஏற்பு வழங்கியது.

தெரியுமா?

யு.எம்.எல். இரண்டாம் பதிப்பில் 14 வகை வரைபடங்கள் உள்ளன. அவற்றுள் ஏழு, பொருள்களின் அமைப்பைக் காட்டுபவை; ஏழு, அவற்றின் நடத்தையைக் காட்டுபவை. தமிழகத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013, 2017ஆம் ஆண்டுப் பாடத்திட்டங்களில் 'பொருள்நோக்குப் பகுப்பாய்வும் வடிவமைப்பும்' கணினி அறிவியல் பொறியியல் மாணவர்க்குரிய பாடமாக இடம்பெற்றது.

பெயரும் வினையும்

வரைபடத்தை எங்கிருந்து தொடங்குவது? தொழிலை நன்கறிந்தவர் கூறுவதை எழுதிக்கொள்வதே முதற்படி. பால் சங்கத்தின் செயலாளர் ஒருவர் பின்வருமாறு கூறுவதாகக் கொள்வோம்.

"உறுப்பினர் காலையிலும் மாலையிலும் சங்கத்துக்குப் பால் வழங்குகிறார். பரிசோதகர் பாலை அளந்து, கொழுப்புச் சத்தையும் இதரச் சத்தையும் சோதித்துக் குறிக்கிறார். அவற்றுக்கு ஏற்ப விலை கணக்கிடப்படுகிறது. குறிப்பிட்ட நாள்களுக்கு ஒருமுறை பட்டியல் தயாராகிறது. தொகை உறுப்பினரின் வங்கிக் கணக்கில் சேர்கிறது."

இப்பகுதியில் உள்ள பெயர்ச்சொற்களை ஒரு பக்கமும் வினைச்சொற்களை மறுபக்கமும் எழுதுக. பெயர்ச்சொற்களில் இனக்குழுக்களும் பண்புகளும் கிடைக்கும்; வினைச்சொற்களில் செயற்பாடுகள் கிடைக்கும். உறுப்பினர், சங்கம், பரிசோதகர், பட்டியல் ஆகியவை இனக்குழுக்கள். அளத்தல், சோதித்தல், கணக்கிடுதல் ஆகியவை செயற்பாடுகள். கொழுப்புச் சத்து ஒரு பண்பு என்பதும் எளிதில் புலப்படும். ஆனால், அது எதனுடைய பண்பு?

இங்குத்தான் ஆழ்ந்து எண்ண வேண்டும். கொழுப்புச் சத்தின் அளவை உறுப்பினரின் பண்பாக வைத்தால், இன்று காலை குறித்த அளவு நேற்றைய அளவை அழித்துவிடும். மாதத்தின் இறுதியில், 'எனக்கு ஏன் தொகை குறைந்தது?' என்று உறுப்பினர் கேட்டால் காட்டுவதற்குச் சான்று இராது. அந்த அளவு ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட வேளையில் நிகழ்ந்த வழங்கலுக்கே உரியது. ஆயினும், செயலாளர் கூறியவற்றுள் 'வழங்கல்' என்னும் பெயர் இல்லை. 'வழங்குகிறார்' என்னும் வினைக்குள் அது மறைந்திருக்கிறது. அவ்வினையைத் தொழிற்பெயராக மாற்றினால் புதிய இனக்குழு ஒன்று வெளிப்படுகிறது. நாள், வேளை, அளவு, கொழுப்புச் சத்து, இதரச் சத்து, விலை ஆகிய அனைத்தும் அதற்குரிய இடத்தில் அமைகின்றன. முன்பதிவு, கடனுதவி, தேர்வு என வாழ்க்கையின் பல நிகழ்ச்சிகள் இவ்வாறே வினையிலிருந்து பெயராகி இனக்குழுவாகின்றன. மொழியறிவு வடிவமைப்புக்குத் துணைசெய்யும் இடம் இது.

கட்டமும் கோடும்

இனக்குழு வரைபடத்தில் ஒவ்வோர் இனக்குழுவும் மூன்று அறைகள் கொண்ட செவ்வகம். மேலறையில் பெயரும், நடு அறையில் பண்புகளும், கீழறையில் செயற்பாடுகளும் எழுதப்படும். பண்பின் முன் கழித்தல் குறி இருந்தால் அது இனக்குழுவுக்குள் மட்டுமே அணுகத்தக்கது. கூட்டல் குறி இருந்தால் வெளியிலிருந்தும் அணுகத்தக்கது. உறுப்பினரின் வங்கிக் கணக்கு எண்ணுக்குக் கழித்தல் குறி இடவேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

கட்டங்களை இணைக்கும் கோடுகள் உறவுகளைக் காட்டுகின்றன. வெறுங்கோடு தொடர்பைக் குறிக்கும். உள்ளீடற்ற முக்கோண முனையுடைய அம்பு மரபுரிமத்தைக் குறிக்கும். அது சிறப்பிலிருந்து பொதுவை நோக்கிச் செல்லும். 'பரிசோதகர் ஒரு பணியாளர்' என்னும் தொடர் பொருந்துவதால் அங்கு இவ்வம்பை வரையலாம். 'உறுப்பினர் ஒரு சங்கம்' என்னும் தொடர் பொருந்தாது. எனவே, அங்கு வரையலாகாது. நிரப்பப்பட்ட சாய்சதுரம், முழுமை அழிந்தால் பகுதியும் அழியும் என்பதைக் காட்டும். பட்டியலும் அதன் வரிகளும் அத்தகையவை. நிரப்பப்படாத சாய்சதுரம், முழுமை இன்றியும் பகுதி வாழும் என்பதைக் காட்டும். சங்கம் கலைந்தாலும் அதன் உறுப்பினர் இருப்பர்.

ஓர் எண்ணின் மதிப்பு

கோட்டின் இருமுனைகளிலும் எழுதப்படும் சிறிய எண்கள் கூர்ந்து கவனிக்கத்தக்கவை. '1' எனில் ஒன்றே ஒன்று, '0..1' எனில் இல்லாமலும் இருக்கலாம், ஒன்றும் இருக்கலாம், '1..*' எனில் குறைந்தது ஒன்று, மிகுதிக்கு எல்லை இல்லை, '0..*' எனில் இல்லாமலும் இருக்கலாம், பலவும் இருக்கலாம். உறுப்பினருக்கும் வழங்கலுக்கும் இடையே உள்ள கோட்டில் உறுப்பினர் பக்கம் '1' என்றும் வழங்கல் பக்கம் '0..*' என்றும் எழுதினால் அதனை இவ்வாறு படிக்கலாம்: ஒரு வழங்கல் ஒரே ஓர் உறுப்பினருக்கு உரியது, ஓர் உறுப்பினருக்குப் பல வழங்கல்கள் இருக்கலாம், இன்று சேர்ந்தவருக்கு ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம்.

இனி ஒரு நிலையை எண்ணிப் பார்ப்போம். உறுப்பினரை அடையாளம் காணக் குடும்ப அட்டையைப் பயன்படுத்தலாம் என வடிவமைப்பாளர் கருதுகிறார். 'குடும்ப அட்டை', 'உறுப்பினர்' ஆகிய இரு கட்டங்களை வரைந்து, கோட்டின் இருமுனைகளிலும் '1' என எழுதுகிறார். நிரலில் அது ஒரு சிறு வரியாக மறைந்துபோகும். ஆனால், அந்த வரைபடத்தைப் பால் ஊற்றும் பெண்மணி ஒருவரிடம் காட்டி, "ஒரு குடும்ப அட்டைக்கு ஒரே ஓர் உறுப்பினர், சரிதானா, அம்மா?" என்று கேட்டால் அவர் உடனே கூறுவார்: "அது எப்படிப்பா? எங்க வீட்ல நானும் என் மருமகளும் தனித்தனியா மாடு வச்சுத் தனித்தனியாத்தான் பால் ஊத்துறோம்."

அப்பெண்மணிக்கு நிரலாக்கம் தெரியாது. வடிவமைப்பாளருக்கோ அவ்வீட்டின் நடைமுறை தெரியாது. இருவருக்கும் பொதுவாக அமைந்த ஒரு தாளில் பிழை வெளிப்பட்டது. உறுப்பினர் பக்கத்து '1' என்பதை அழித்து '1..*' என எழுத ஒரு நிமிடம் போதும். அதே பிழை நிரலாகி, பல மாதங்கள் பதிவுகள் சேர்ந்தபின் தெரிந்திருந்தால் மருமகளின் உழைப்பு மாமியாரின் கணக்கில் கலந்துபோயிருக்கும். எந்த வேளைப் பால் எவருடையது எனப் பிரித்தறிவது பின்னர் இயலாததாகவும் ஆகலாம். கட்டங்களுக்குள் தமிழிலேயே பெயர்களை எழுதலாம் என்பதால், தொழில் செய்வோரே தம் தொழிலின் வரைபடத்தைப் படித்துத் திருத்த முடிகிறது. இக்குறியீட்டு மொழியின் பெரும்பயன் இதுவே.

இல்லாத அம்பு

இனக்குழு வரைபடம் பொருள்களின் அமைப்பைக் காட்டும். காலப்போக்கில் ஒரு பொருள் அடையும் மாற்றத்தைக் காட்டாது. அதற்கு நிலைமாற்ற வரைபடம் வேண்டும். இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு மருத்துவத் துணி.

தறியிலிருந்து இறங்கும் துணி உடனே காயத்துக்குப் பயன்படாது. பருத்தியின் இயற்கையான மெழுகும் நெசவுக்காக இட்ட கஞ்சியும் நீங்கி வெளுத்த பின்னரே அது ஈரத்தை உறிஞ்சும். பின்னர் அதனை வெட்டி, மடித்து, பொதிகின்றனர். தொற்றுநீக்கி விற்கப்படும் துணியாயின், பொதிந்தபின் தொற்றுநீக்கி, சோதித்து அனுப்ப வேண்டும்.

நிலைமாற்ற வரைபடத்தில் ஒவ்வொரு நிலையும் முனை மழுங்கிய செவ்வகம். நிரப்பப்பட்ட கருவட்டம் தொடக்கத்தையும், வட்டத்துக்குள் அமைந்த கருவட்டம் முடிவையும் குறிக்கும். 'நெய்யப்பட்டது', 'வெளுக்கப்பட்டது', 'பொதியப்பட்டது', 'தொற்று நீக்கப்பட்டது', 'சோதனையில் தேறியது', 'அனுப்பப்பட்டது' என்னும் நிலைகளை வரிசையாக வரைந்து அம்புகளால் இணைக்கலாம். அம்பின்மேல் மாற்றத்துக்குக் காரணமான நிகழ்வையும், சதுர அடைப்புக்குள் அதற்குரிய நிபந்தனையையும் எழுதலாம். உறிஞ்சும் தன்மை போதாதெனில் 'வெளுக்கப்பட்டது' என்பதிலிருந்து அதே நிலைக்கு, 'மீண்டும் வெளுத்தல்' என எழுதிய அம்பு ஒன்று வளைந்து திரும்பும்.

இவ்வரைபடத்தில் வரைந்த அம்புகளைப் போலவே வரையாத அம்புகளும் பொருளுடையவை. 'பொதியப்பட்டது' என்பதிலிருந்து 'அனுப்பப்பட்டது' என்பதற்கு அம்பு இல்லை. 'அனுப்பப்பட்டது' என்னும் நிலைக்குள் நுழையும் அம்பு ஒன்றே ஒன்று. அதுவும் 'சோதனையில் தேறியது' என்பதிலிருந்து வருவது. எவ்வளவு அவசரமாயினும் வேறு வழி இல்லை என்பதை அந்த வெற்றிடம் உரைக்கிறது. நிரல் எழுதுவோர் அதற்கு மாறான வழியைத் திறந்துவிடலாகாது.

வரைபடம் புதிய வினாக்களையும் எழுப்பும். தொற்றுநீக்கிய பின் பொதி கிழிந்தால் என்ன செய்வது? சோதனையில் தேறாத பொதி எங்குச் செல்லும்? இவ்வினாக்களுக்கு விடையாக 'ஒதுக்கப்பட்டது' என்னும் புதிய நிலை ஒன்று தோன்றும். விடுபட்ட நிலையைத் தாளிலேயே கண்டுகொள்வது நோயாளியின் படுக்கையருகே கண்டுகொள்வதைவிட மேலானது.

எவ்வளவு வரைய வேண்டும்?

பதினான்கு வகை வரைபடங்கள் உள்ளன என்பதற்காக அனைத்தையும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் வரைய வேண்டியதில்லை. ஒரு காலத்தில் தாள் தாளாக வரைந்து, அவை நிரலோடு பொருந்தாமல் பயனற்றுப் போனதும் உண்டு. 2001இல் மென்பொருள் வல்லுநர் பதினேழு பேர் வெளியிட்ட அறிக்கை, விரிவான ஆவணத்தைவிட இயங்கும் மென்பொருளே முதன்மையானது என வலியுறுத்தியது. அதன்பின் வரைபடங்களின் எண்ணிக்கை குறைந்தது. ஆயினும், அவற்றின் தேவை மறையவில்லை.

மார்ட்டின் ஃபௌலர் என்னும் அறிஞர் யு.எம்.எல். மொழியின் பயன்பாட்டை மூவகையாகப் பிரித்துக் காட்டினார். கருத்தைப் பகிர்ந்துகொள்ள விரைந்து வரையும் கோட்டோவியம் ஒன்று. கட்டடப் பொறியாளரின் வரைபடம் போல முழுமையாக வரைவது மற்றொன்று. வரைபடத்திலிருந்தே நிரலைப் பெறுவது மூன்றாவது. கற்கத் தொடங்குவோர்க்கு முதல்வகையே போதுமானது. அதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. தாளும் பென்சிலும் அழிப்பானும் போதும். அழிப்பான் இன்றியமையாதது. முதல் வரைபடம் பெரும்பாலும் முழுமையாக இராது. தொழில் அறிந்தவரிடம் காட்டிக் காட்டித் திருத்துவதாலேயே அது செம்மை பெறும்.

கற்கும் வரிசையும் எளிதே. முதலில், எவர் எதற்காகப் பயன்படுத்துகிறார் எனக் காட்டும் பயன்பாட்டு நிகழ்வு வரைபடம். அதில் மனித உருக் குறியும் நீள்வட்டங்களும் இருக்கும். அடுத்து, இனக்குழு வரைபடம். மூன்றாவதாக, ஒரு பொருள் மற்றொரு பொருளுக்கு அனுப்பும் செய்திகளை மேலிருந்து கீழாகக் கால வரிசையில் காட்டும் வரிசைமுறை வரைபடம். நிலைகள் பலவற்றைக் கடக்கும் பொருள் இருந்தால் நிலைமாற்ற வரைபடம். இந்நான்கையும் பழகியவர் பெரும்பாலான மென்பொருள்களின் அமைப்பை எடுத்துரைக்க வல்லவராவார்.

நிறைவாக

நிரல், எந்திரம் புரிந்துகொள்வதற்காக எழுதப்படுவது. வரைபடம், மனிதர் ஒருவரையொருவர் புரிந்துகொள்வதற்காக வரையப்படுவது. பால் ஊற்றுபவரும் தறி ஓட்டுபவரும் தாம் அறிந்ததைச் சொல்ல, கேட்டவர் அதனைக் கட்டமாகவும் கோடாகவும் அமைத்து மீண்டும் அவர்களிடமே காட்டி ஒப்புதல் பெறும்போதுதான் நல்ல மென்பொருளுக்கு அடித்தளம் அமைகிறது. கூர்ந்து கேட்கும் செவியும், சொற்களைப் பகுத்தறியும் மொழித்திறனும், பிழையைத் திருத்தத் தயங்காத மனமும் இதற்குத் தேவை. இவை வளர்வதற்குரிய களம் பள்ளி வகுப்பறையே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் நடைபெறும் தொழில் ஒன்றைப் பற்றி, அதில் ஈடுபட்டுள்ளவரிடம் கேட்டுப் பத்துத் தொடர்களில் எழுதுக. அவற்றிலுள்ள பெயர்ச்சொற்களையும் வினைச்சொற்களையும் பிரித்து, இனக்குழுக்களைக் கண்டறிக.

2. பள்ளி நூலகத்தில் நூல், மாணவர், இரவல் ஆகிய மூன்றுக்கும் இடையேயான இனக்குழு வரைபடத்தை எண் குறிப்புகளுடன் வரைக. 'இரவல்' ஏன் தனி இனக்குழுவாக வேண்டும் என்பதை விளக்குக.

3. நியாயவிலைக் கடை, அஞ்சலகம், பேருந்து நிலையம் ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பயன்பாட்டு நிகழ்வு வரைபடம் வரைந்து, அங்குப் பணியாற்றும் ஒருவரிடம் காட்டுக. அவர் கூறிய திருத்தங்களை வகுப்பில் எடுத்துரைக்க.

4. மருத்துவத் துணிக்குரிய நிலைமாற்ற வரைபடத்தை 'ஒதுக்கப்பட்டது' என்னும் நிலையையும் சேர்த்து வரைக. எந்தெந்த நிலைகளுக்கு இடையே அம்பு இருக்கக்கூடாது எனக் காரணத்துடன் கலந்துரையாடுக.